பதுளைக்குப் போகிறவர்களுக்கு

மலைநாட்டுக்கு உல்லாசப் பிரயாணம் புறப்படும் நம் குடும்பங்கள் கண்டியில் தலதா மாளிகையையும் பேராதனைப் பூந்தோட்டத்தையும் பார்த்து, நுவரெலியாவில் சீதையம்மன் கோயிலில் கும்பிட்டு, வழியில் இரண்டு கட்டு லீக்ஸும் கரட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுவது வழக்கம். அதற்கு அப்பாலும் செல்லத் துணியும் சிலர் எல்லயில் இறங்கி, ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது நின்று படம் பிடித்துக்கொண்டு, "பதுளையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டபடி எதிர் வண்டியில் ஏறிவிடுகிறார்கள். பதுளையில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று யோசிக்கும் பெற்றோருக்கும், சரித்திரத்தைப் பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துபோகும் மாணவருக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடிப் பெட்டிகளும் நுழைவுச்சீட்டு விற்கும் வாயிலும் கொண்ட பெரிய நூதனசாலையை நினைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாந்து போவார்கள். ஊவாவின் சரித்திரம் பெரும்பாலும் வெயிலிலும் மழையிலும் வெளியே நிற்கிறது. நூலக வளவில் ஒரு கல்தூண், ஆற்றுக்கு மேல் ஒரு மரப்பாலம், தேவாலயச் சுவரில் ஒரு பலகை, மலைச்சரிவில் ஒரு லயம் என்று அது சிதறிக் கிடக்கிறது. தேடிப் போக வேண்டும். போவதற்கு முன் சிறிது தெரிந்துகொண்டும் போக வேண்டும்.

பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்கள் சேர்ந்தது ஊவா மாகாணம். பிரித்தானியர் 1886ஆம் ஆண்டில் இதைத் தனி மாகாணமாக வகுத்தனர். தலைநகரான பதுளை, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,200 அடி உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவின் குளிரை எண்ணிக் கம்பளிச் சட்டையோடு வந்திறங்குவோர் புகையிரத மேடையிலேயே அதைக் கழற்றிக் கையில் மடித்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நகருக்கு மேலே நமுனுகுல மலை 6,600 அடிக்கு மேல் எழுந்து நிற்கிறது. அதன் சரிவுகள் முழுவதும் தேயிலை.

பதுளைக்கு வரச் சிறந்த வழி புகையிரதமே. ஆனால் 2025 நவம்பரில் வீசிய தித்வா புயலின் பெருமழையில் மலைநாட்டுப் பாதை பல இடங்களில் மண்சரிந்து சிதைந்தது. ஆகவே வண்டி எதுவரை ஓடுகிறது, எந்த வீதி திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது. மழைக்காலத்தில் வருவதானால் மண்சரிவு எச்சரிக்கைகளையும் கவனிக்க வேண்டும். இது சம்பிரதாயத்துக்காகச் சொல்லும் வார்த்தையன்று. காரணம் பின்னர் வரும்.

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை ஏறத்தாழ 180 மைல். இந்தப் பாதையே ஊவாவின் முதலாவது சரித்திரச் சின்னம் எனலாம். பட்டிப்பொலையில் 6,200 அடி உயரத்தை எட்டும் வண்டி, அதன்பின் ஒரு சுரங்கத்தைக் கடந்ததும் ஊவாவின் பக்கம் திரும்புகிறது. பெரும்பாலும் அந்தப் பக்கம் மழையாக இருக்கும். இந்தப் பக்கம் வெயில் அடிக்கும். பின்னர் பதுளை வரை நாலாயிரம் அடி இறக்கம். புகையிரதம் ஹப்புத்தளைக்கு 1893இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்து சேர்ந்தது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ இருபது மைல்தான். அந்த இருபது மைலைக் கடந்து வண்டி பதுளைக்கு வந்தது 1924இல். முப்பது ஆண்டுகள்! அந்த மலைகள் எப்படிப்பட்டவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில்தான் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. 1921இல் முடிந்த வேலை. முதல் உலக யுத்தத்தின்போது இரும்பு கிடைக்காமற் போகவே, அப்புஹாமி என்ற உள்ளூர் மேஸ்திரி கல்லும் சீமெந்தும் கொண்டே கட்டி முடித்தார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்க இனிமையான கதை. எனினும் இப்பாலத்தின் நிர்மாணத்தைப் பற்றி மார்வுட் என்ற புகையிரதப் பொறியியலாளர் எழுதிய கட்டுரையை இலங்கைப் பொறியியலாளர் சங்கம் 1923இல் வெளியிட்டிருக்கிறது. அதன் தலைப்பிலேயே கொங்கிறீட்டுப் பாலம் என்று இருக்கிறது. இரண்டையும் மாணவர் தெரிந்துகொள்ளட்டும். அப்புஹாமியின் பெயரை ஊர் மறக்கவில்லை என்பதும் சரித்திரத்தில் ஒரு பகுதிதான்.

தெமோதரையில் இன்னொரு விந்தை. அங்கே மலை திடீரென்று தாழ்கிறது. புகையிரதமோ 44 அடி தூரத்துக்கு ஓர் அடிக்கு மேல் இறங்கக்கூடாது. ஆகவே பதுளைக்குச் செல்லும் வண்டி, தெமோதரை நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, ஒரு குன்றைச் சுற்றி வளைந்து, தான் சற்றுமுன் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள 42ஆம் இலக்கச் சுரங்கத்துக்குள் புகுந்து செல்கிறது. இந்த யோசனை எப்படிப் பிறந்தது என்பதற்கு ஒரு கதை வழங்குகிறது. வழி தெரியாமல் திகைத்து நின்ற பொறியியலாளர் ஒருவர், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்து, அந்தச் சுற்றையே பாதையாக வரைந்துவிட்டாராம். உண்மையோ பொய்யோ, கதையில் கங்காணிக்குப் பெயரில்லை. இதை இங்கே மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பதுளை நகரில் முதலில் பார்க்கவேண்டியது பொது நூலக வளவில் நிற்கும் கல்தூண். அதைக் கடந்து போகும் நூறு பேரில் ஒருவர் நின்று பார்ப்பாரோ என்னவோ. நான்கு பக்கமும் இருநூறு வரிகளுக்கு மேல் பழஞ்சிங்கள எழுத்து பொறிக்கப்பட்ட இத்தூண் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உதயன் என்னும் அரசன் மகியங்கனை விகாரையைத் தரிசிக்க வந்தபோது, ஹோபிட்டிகம என்ற ஊர்ச் சந்தையின் வணிகரும் குடிமக்களும் அவனிடம் முறையிட்டனர். அதிகாரிகளின் ஆட்கள் முன்னோர் வகுத்த கட்டளைகளை மீறித் தண்டமும் கையூட்டும் வாங்குகிறார்கள் என்பது வழக்கு. அரசன் விசாரித்துச் சட்டம் வகுத்துக் கல்லில் வெட்டுவித்தான். முறையற்ற வரி வாங்கக்கூடாது; முத்திரையிடாத அளவைகளால் அளந்து விற்கக்கூடாது; போயா தினத்தில் சந்தை கூடக்கூடாது. இவை போன்று பல விதிகள். சொரபொர வாவியருகே கிடந்த இத்தூணை 1857இல் ஆங்கில அதிகாரி ஒருவர் கண்டெடுத்தார். பின்னர் அது பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சந்தையில் உப்பும் பாக்கும் விற்ற எளிய மக்கள் அரசனை வழிமறித்து முறையிட்டார்கள், அந்த முறையீடு கல்லில் நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு எந்தப் போர் வெற்றிக் கல்வெட்டையும் விட இது பெரிதாகத் தோன்றுகிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் ஐந்து நிமிடமாவது இத்தூணின் அருகே நிறுத்தி இக்கதையைச் சொல்லுங்கள்.

அடுத்து முத்தியங்கனை விகாரை. புத்தர் பெருமான் எழுந்தருளியதாகப் பௌத்தர் போற்றும் பதினாறு ஸ்தலங்களுள் ஒன்று. நகரின் நடுவிலேயே வெண்ணிறத் தாதுகோபமும் பழைய வாயில் தோரணமும் அமைதியாக விளங்குகின்றன. நகரிலுள்ள கதிர்காமத் தேவாலயமும் பார்க்கத்தக்கது. சிங்கள மக்கள் நம் முருகனைத் தங்கள் முறையில் வழிபடும் கோயில் அது. அர்ச்சகர் கப்புறாளை; மந்திரம் வேறு; தீபமும் தேங்காயும் ஒன்றே. நம்மவர் தயங்காமல் உள்ளே சென்று கும்பிடலாம்.

புனித மாற்கு தேவாலயத்துக்கு இப்போது வருவோம். 1857இல் திறக்கப்பட்ட சிறிய அங்கிலிக்கன் கோயில். மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டது. சுவரில் அதைச் சொல்லும் பலகை இருக்கிறது. ரொஜர்ஸ் இப்பகுதியின் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர். தம் ஆயுளில் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றவர் என்று எமர்சன் டெனன்ட் தம் இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். 1845 ஜூன் 7ஆம் நாள், ஹப்புத்தளையில் இடி மின்னலுடன் பெய்த மழை ஓய்ந்ததா என்று பார்க்க வெளியே வந்தபோது மின்னல் தாக்கி மாண்டார். நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்று இப்பக்கத்தார் சொல்லிக்கொள்வார்கள். யானைகளின் சாபம் என்பது அவர்கள் தீர்ப்பு.

இத்தனை யானைகளைக் கொன்றவருக்குத் தேவாலயமா என்று இக்கால மாணவர் கேட்கக்கூடும். யானையைக் கொன்றவர்க்கு அரசாங்கமே வெகுமதி கொடுத்த காலம் அது. அவர் ஊவாவில் வீதிகள் அமைத்தவர், நியாயமாக வழக்குத் தீர்த்தவர் என்றும் பெயர் எடுத்திருந்தார். எல்லா வகுப்பு நண்பரும் சேர்ந்து இச்சின்னத்தை எழுப்பியதாகப் பலகையே கூறுகிறது. நல்லவரோ கெட்டவரோ, பெயர் கல்லில் ஏறிவிட்டால் மனிதர் நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மோடு பேசுகிறார். அதையே நாம் கவனிக்க வேண்டும்.

கல்லில் ஏறிய பெயர்களும் மாறுவதுண்டு. 1817இல் ஊவா வெல்லஸ்ஸவில் பிரித்தானியருக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. பதுளையில் அதிகாரியாயிருந்த வில்சன் என்பவர் அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை, ஆங்கிலேயர் கொடுத்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். அதன்பின் ஊவாவின் வயல்களும் வீடுகளும் எரிக்கப்பட்டன. 1818 நவம்பர் 26ஆம் நாள் கண்டியில் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டது. அவரது மண்டையோடு எடின்பரோவுக்கு ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டுபோகப்பட்டு, சுதந்திரம் பெற்ற காலத்தையொட்டித் திரும்பி வந்து இப்போது கண்டியில் நினைவுத்தூணின் கீழ் இருக்கிறது. 1818இல் அரசாங்க அறிவித்தலில் துரோகி என்று எழுதப்பட்டவரை 2016இல் இன்னொரு அரசாங்க அறிவித்தல் தேசிய வீரர் என்று எழுதியது. ஒரு பெயரைத் திருத்தி எழுத 198 ஆண்டுகள் சென்றன. எழுதப்பட்டிருந்ததனால்தானே திருத்தவும் முடிந்தது!

ஒரு பகற்பொழுது மீதமிருந்தால் ஹாலிஎலப் பக்கம் போகொட மரப்பாலத்தைப் பார்த்து வரலாம். ஓட்டுக் கூரையும் செதுக்கிய தூண்களும் உடைய பாலம். பழைய ராசபாட்டையில் கண்டிக்கும் பதுளைக்கும் இடையே நடந்தோர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நின்ற இடம். பதினாறாம் நூற்றாண்டுக்குரியது என்று கணிக்கிறார்கள். துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியும் நகரிலிருந்து மூன்று மைல்தான்; 200 அடிக்கு மேல் விழும் தண்ணீர். ஆனால் அதைப் பற்றி எழுதாத சஞ்சிகை இல்லையாதலால் நான் விட்டுவிடுகிறேன்.

இனி மேலே, ஹப்புத்தளைக்கும் தியத்தலாவைக்கும் செல்வோம். தியத்தலாவையில் இன்று இராணுவ முகாம் இருக்கிறது. 1900ஆம் ஆண்டில், தென்னாபிரிக்க யுத்தத்தில் பிடிபட்ட போயர் கைதிகளைப் பிரித்தானியர் கப்பலில் கொண்டுவந்து இங்கேதான் அடைத்தனர். ஐயாயிரம் பேர் வரை இந்தப் புல்மலையில் இருந்தார்கள். ஹப்புத்தளைக்கு அருகே அடிஷம் மாளிகை. ஆங்கிலப் பிரதமர் ஒருவரின் பேரனான சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் இங்கிலாந்தின் கென்ட் மாகாணத்து வீடு போலக் கருங்கல்லில் கட்டினார். இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். துரைமார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் காண இதைவிட நல்ல இடம் இல்லை. நாற்காலி, நூலகம், கணப்படுப்பு எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. துறவிகள் செய்து விற்கும் பழப்பாகும் மிக நன்று.

அங்கிருந்து தம்பேதன்னை. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து இப்பகுதித் தோட்டங்களை வாங்கினார். அந்த ஆண்டில் எழுந்த தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. தோட்டத்துக்கு மேலே அவர் அமர்ந்து காட்சி பார்த்த இடம் 'லிப்டன் சீற்' என்று வழங்குகிறது. கால்நடையாக ஏறினால் நான்கு மைலுக்கு மேல். வெள்ளெனப் போகவேண்டும், ஒன்பது மணிக்குப் பின் முகில் மூடிவிடும். மேலே பெஞ்சில் லிப்டனே உட்கார்ந்திருப்பது போன்ற உருவச்சிலை. அவரருகே அமர்ந்து படம் எடுக்காத பிரயாணி கிடையாது. அந்தப் பெஞ்சிலிருந்து கீழே பார்த்தால் பச்சைச் சரிவுகளுக்கிடையே நீள நீளமான தகரக் கூரைகள் தென்படும். அவைதாம் லயங்கள்.

லயங்களைப் பற்றிச் சொல்வதற்கு முன், ஊவாவின் இன்னொரு மூலைக்கு ஒரு நடை போய் வரவேண்டும். பசறைக்கு அப்பால் மடுல்சீமை என்ற மலைத்தொடர் உண்டு. உலக சரித்திரத்தையே மாற்றிய சம்பவம் ஒன்று அங்கே நடந்தது. அதை அறிந்தவர் அங்கேயே குறைவு. அப்போது இலங்கையின் முதன்மைப் பயிர் தேயிலை அன்று, கோப்பிதான். உலகின் முன்னணிக் கோப்பி நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. 1869இல் மடுல்சீமைக் கோப்பித் தோட்டத்து இலைகளில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றின. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்தப் பூசண நோயைத் தோட்டத்துரைமார் 'நாசகார எமிலி' என்று கேலியாக அழைத்தார்கள். கேலி நெடுநாள் நீடிக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது; துரைமார் பலர் ஓட்டாண்டியாகிக் கப்பலேறினர்; மீந்தவர் கோப்பிச் செடியைப் பிடுங்கித் தேயிலை நட்டனர்.

இங்கே கோப்பி வீழ்ந்தது. பிரேசில் நாடோ அதன் பேரரசாக வளர்ந்தது. அந்நோய் அட்லாண்டிக் கடலைக் கடந்து பிரேசிலை அடைய 1970 வரை ஆயிற்று. பிரேசிலின் கடற்கரை நகரான சான்டோஸில், கோப்பி விலை பேசுவதற்கென்று 1922இல் கட்டிய மாளிகை இப்போது கோப்பி நூதனசாலையாக இருக்கிறது. தரகர் அமர்ந்த நாற்காலிகள் வட்டமாக அப்படியே போடப்பட்டிருக்கின்றன. சற்று உள்நாட்டில், சாவோ பவுலோ நகரில், கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த இத்தாலியரும் ஜப்பானியரும் முதல் சில நாட்கள் தங்கவைக்கப்பட்ட விடுதி இருக்கிறது. 1887இல் திறந்த அந்த விடுதி இன்று குடிவரவு நூதனசாலை. அங்கே இறங்கியவர்களின் பெயர்ப் பதிவேடுகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. பேரப்பிள்ளைகள் போய், தங்கள் பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார், எந்த ஆண்டு வந்தார் என்று தேடிப் பார்க்கிறார்கள்.

நம்மவரும் அவ்வாறே ஒரு முகாம் வழியாக வந்தவர்கள்தாம். இராமேசுவரத்துக்கு அருகே மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் நாட்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டு, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பப்பட்டார்கள். அதற்கும் முந்தியவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். ஊவாவுக்கு வந்தவர்கள் அதற்கப்பாலும் பல நாள் நடந்தார்கள். வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டு வந்ததும் உண்டு. 2023இல், வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பாதையில் மக்கள் மறுபடியும் நடந்தார்கள். பல ஆயிரம் முன்னோரின் பெயர் தெரியாமலே நடந்தார்கள்.

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. பேர் என்றால் ஒரு நாட் சம்பளம். காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, கணக்கப்பிள்ளை செக்ரோலில் பதிந்தால் ஒரு பேர். குறித்த நிறை கொழுந்து பறிக்காவிட்டால் அரைப் பேர். நூற்றைம்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் பெயர் எழுதப்பட்டு வந்த மக்கள் உலகத்தில் இவர்களைப்போல் வேறெவரும் இருப்பார்களோ தெரியாது. அந்தச் செக்ரோல் ஏடுகள் எத்தனை தோட்டத்து அலுவலகங்களில் கறையானுக்கு இரையாயின என்பதை எண்ணினால் மனம் வேதனைப்படுகிறது.

லயம் என்பது என்ன என்று நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா. முன்னால் சிறு இஸ்தோப்பு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் ஒரு வரிசை. இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு வரிசை. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. தொங்கல் காம்பரா கிடைத்தவர் பாக்கியசாலி. பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வைக்கலாம். வேலிக்கப்பால் ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பிள்ளைக் காம்பரா. இதற்குள் பிறந்து, மணந்து, பெற்று, இறந்தார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் நாடற்றவர் ஆனார்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. பதுளை நிலையத்தின் மேடையில் நிற்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கணக்குத்தான். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வந்த குடும்பங்கள், கோச்சி நகரும்வரை இந்த மேடையில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

இப்போது லயங்கள் மெல்ல மறைந்து வருகின்றன. ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுகின்றன. மறையட்டும், விரைவில் மறையட்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. லயத்தை அழகிய பழஞ்சின்னம் என்று புகழ்ந்து, அதில் மனிதர் தொடர்ந்து வசிக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் அவரை ஒரு மழைக்காலம் அங்கே குடியிருத்திப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று நிற்கவேண்டும். ஊவாவில் ஒரே ஒரு லயமாவது, மனிதர் வசிப்பதற்கன்றிப் பார்ப்பதற்காக, நிலையான மண்ணில் நிற்கவேண்டும். இது ஆகாத காரியமன்று. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925ஆம் ஆண்டின் பழைய தொழிற்சாலை ஒன்றைத் தேயிலை நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள். உருளைகளும் நீராவி இயந்திரங்களும் துடைத்து மினுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, பார்க்கவேண்டிய இடமே. அதைப் பார்த்துவிட்டு கம்பளைக்குப் போங்கள். அங்கே 2007இல் பழைய லயமொன்றைத் திருத்தித் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு நூதனசாலை அமைத்திருக்கிறார்கள். அடுப்பு, அம்மி, கொழுந்துக்கூடை, கவ்வாத்துக் கத்தி, பழைய பத்திரங்கள், படங்கள். ஒன்று இயந்திரங்களின் நூதனசாலை, மற்றது அவற்றுக்குக் கொழுந்து சுமந்தவர்களின் நூதனசாலை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சிறிது. கம்பளையில் ஆனது பதுளையில் ஏன் ஆகாது? 2005 முதல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பம் அங்கே பட்டப்படிப்பு. செக்ரோல்களைத் தேடிச் சேர்க்கவும் முதியவர்களிடம் கேட்டு எழுதவும் அங்கே இளைஞர் இருக்கிறார்கள். சான்டோஸ் நகரத்தார் தரகரின் நாற்காலியைக் காப்பாற்றினார்கள். நாம் கணக்கப்பிள்ளையின் ஏட்டையாவது காப்பாற்றலாம்.

அதுவரை, பதுளைக்கு வருகிறவர்கள் லயத்தைப் பார்க்க விரும்பினால் சில முறைகள் உண்டு. தோட்டத்தில் தெரிந்தவர் ஒருவரோடு செல்லுங்கள். அல்லது தோட்டத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அது ஒருவருடைய வீட்டு வாசல். கேளாமல் படம் பிடிக்காதீர்கள். மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மாரை நிறுத்திக் காசு கொடுத்துச் சிரிக்கச் சொல்லாதீர்கள், அவர்களுக்கு நிறை குறையும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வந்தால் ஊவாத் தேயிலை மணமேறும் பருவம். கிழக்குச் சரிவில் வரண்ட காற்று வீசும் அந்த மாதங்களில் தொழிற்சாலைப் பக்கம் நடந்தாலே அந்த வாசனை தெரியும். லயத்தில் உங்களுக்குத் தேத்தண்ணீர் தருவார்கள், மறுக்காமல் குடியுங்கள். அந்த உயர்ந்த தேயிலை ஏலத்துக்குப் போய்விடும். கோப்பையில் இருப்பது தூள்.

மாணவர்கள் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு போகவேண்டும். இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: உங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், அவர் பெயர் என்ன, எந்தக் கங்காணியோடு வந்தார். திருச்சி, சேலம், புதுக்கோட்டை என்று ஊர் சொல்வார்கள். ஊரின் பெயரோடு குலதெய்வத்தின் பெயரும் பெரும்பாலும் வந்துவிடும். சொன்ன மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். எழுதிய தாளில் ஒரு பிரதியை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.